வைராக்கியமும் கூலியும்

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் பேசுவதற்கு என்னை அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் வயதில் பெரியவர், நல்ல பேச்சாளர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'வைராக்கியம்'. நார்வே தேசத்துப் பெண்மணி கிரிஸ்டின் ஹரிலாவின் கதையை அவர் சொன்னார்.

கடல் மட்டத்திலிருந்து 8,000 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும் சிகரங்கள் உலகத்தில் பதினான்கு. பதினான்கும் இமயத்திலும் அதை அடுத்த காரகோரத்திலும் இருக்கின்றன. ஹரிலா 2022ஆம் ஆண்டில் பன்னிரண்டு சிகரங்களை ஏறி முடித்துவிட்டார். மிச்சமிருந்த இரண்டுக்கும் சீன அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை. மறு ஆண்டு முதலிலிருந்து தொடங்கினார். 2023 ஏப்ரல் 26ஆம் தேதி ஷிஷாபங்மாவில் ஆரம்பித்து, ஜூலை 27ஆம் தேதி கே-2 சிகரத்தில் முடித்தார். 92 நாட்கள், 14 சிகரங்கள். அதற்கு முன் அந்தச் சாதனைக்கு உரியவர் நேபாளத்தின் நிர்மல் பூர்ஜா. 2019இல் அவருக்கு ஆறு மாதமும் ஆறு நாளும் பிடித்தன.

"பன்னிரண்டு சிகரங்களையும் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடியும் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதற்கு எப்பேர்ப்பட்ட நெஞ்சம் வேண்டும், குழந்தைகளே!" என்றார் பெரியவர். குழந்தைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மனதாரத்தான் தட்டினேன்.

என் முறை வந்தது. நான் ஒரே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொன்னேன். "அந்த அம்மாள் தனியாக ஏறவில்லை. டென்ஜென் ஷெர்பா என்கிற நேபாளத்துக்காரர் அதே 92 நாட்களில் அதே 14 சிகரங்களையும் அவரோடு ஏறினார். சாதனை இரண்டு பேருடையது. அந்த இன்னொருவர் இன்று உயிரோடு இல்லை" என்றேன்.

விழா முடிந்து காப்பி கொடுத்தார்கள். பெரியவர் என்னை ஒரு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். கோபம்தான், ஆனால் கண்ணியமான கோபம். "ஸார், குழந்தைகளுக்கு லட்சியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடுவிலே கூலிக்காரனை எதற்காக இழுத்தீர்கள்? அந்தப் பெண் லட்சியத்துக்காகப் போனாள். அவன் காசுக்காகப் போனான். இரண்டும் ஒன்றா?" என்று கேட்டார்.

கையில் சூடான டம்ளரை வைத்துக்கொண்டு ஒருவரோடு சண்டை போட எனக்குத் தெரியாது. ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நம் எல்லோருடைய மனசிலும் இருக்கிற கேள்விதான். நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவர் கேட்டுவிட்டார். ஆகவே அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைப் போக்கிவிடுகிறேன். மலை ஏறுகிறவர்களை நான் கேலி செய்ய வரவில்லை. "மேலே என்ன இருக்கிறது? ஏறிவிட்டு இறங்கத்தானே போகிறார்கள்?" என்று சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு கேட்கிற ஞானிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிதன் தன்னால் எது முடியும் என்று பார்த்துவிட ஆசைப்படுவது இழிவல்ல. போலந்து தேசத்து யெர்சி குகுச்கா, ஆலைகளின் உயரமான புகைபோக்கிகளுக்குச் சாயம் பூசிக் காசு சேர்த்து இமயத்துக்குப் போனவர். 1987இல் பதினான்கு சிகரங்களையும் முடித்த இரண்டாவது மனிதர் அவர். 1989இல் லோட்சே சிகரத்தின் தெற்குச் சுவரில் விழுந்து மாண்டார். அந்த மனிதரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை தாழ்கிறது. ஹரிலாவும் சாமானியர் அல்ல. தம்முடைய சொந்தக் காலால்தான் ஏறினார். அவருடைய உறுதியில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் வழக்கு அவரோடு அல்ல. சொல்லப்போனால், இந்தச் சாதனை தமக்கும் டென்ஜெனுக்கும் பொதுவானது என்று ஹரிலாவே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் என் வழக்கு. சாதனை செய்தவர் இரண்டு பெயர் சொல்கிறார். கதை கேட்கிற நாம் ஒரு பெயரை வடிகட்டி எடுத்துக்கொள்கிறோம்.

பெரியவர் பேச்சில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? ஹரிலாவை மேடையில் 'அம்மையார்' என்றார். டென்ஜெனைக் காப்பி டம்ளருக்கு எதிரே 'அவன்' என்றார். ஒரே மலை, ஒரே கயிறு, ஒரே நாள், ஒரே உச்சி. இறங்கி வந்ததும் ஒருவருக்கு மரியாதை விகுதி. மற்றவருக்கு அது இல்லை. நம்முடைய பாஷையில் இது ஒரு வசதி. ஒரு மனிதனை நாம் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பதை ஒரே எழுத்தில் காட்டிவிடலாம்.

சரி, அந்த 'அவன்' மலையில் என்னதான் செய்கிறார்?

எவரெஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்கள் முதலில் கும்பு என்கிற பனி வீழ்ச்சியைக் கடக்கவேண்டும். அது நின்றுகொண்டிருக்கும் மலை அல்ல. நகர்ந்துகொண்டே இருக்கிற பனி ஆறு. வீட்டுக்கு வீடு உயரமான பனிப் பாளங்கள் எந்த நிமிஷமும் சரியலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் சில ஷெர்பாக்கள் முன்னால் போய் அதன் பிளவுகளுக்குக் குறுக்கே ஏணிகளைப் போட்டுக் கட்டி வழி உண்டாக்குகிறார்கள். பிறகு வேறு சிலர் உச்சி வரைக்கும் கயிறு கட்டிக்கொண்டே போகிறார்கள். கூடாரம், அடுப்பு, ஆகாரம், பிராணவாயு உருளைகள் எல்லாம் மேல் முகாம்களுக்கு முதுகில்தான் போகின்றன. எல்லாம் தயாரான பிறகு, பணம் கட்டி வந்தவர் அந்தக் கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏறுகிறார். உச்சியில், மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். பணம் கட்டியவர் அந்தப் பனி வீழ்ச்சியைக் கடப்பது சில தடவைகள். சுமை தூக்குகிறவர் கடப்பது அதைப் போலப் பல மடங்கு.

ஒவ்வொரு வசந்தத்திலும் எவரெஸ்டின் உச்சியை முதலில் தொடுகிறவர்கள் பெரும்பாலும் கயிறு கட்டும் ஷெர்பாக்களே என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் தொட்டால் அது சாதனை அல்ல. "பாதை திறந்துவிட்டது" என்று சொல்கிறோம். கதவு திறந்துவிட்டது என்பதைப் போல!

'ஷெர்பா' என்ற சொல்லையே பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த மக்கள் என்று அதற்குப் பொருள். அது ஒரு சமூகத்தின் பெயர். அந்தச் சமூகத்தில் பிக்ஷு உண்டு, விவசாயி உண்டு, வியாபாரி உண்டு, விமானி உண்டு. நாமோ அதைச் சுமை தூக்கும் உத்தியோகத்தின் பெயராக்கிவிட்டோம். "நான்கு ஷெர்பாக்களோடு ஏறினார்" என்று பத்திரிகையில் படிக்கிறோம். நான்கு கோவேறு கழுதைகளோடு என்று எழுதினாலும் அந்த வாக்கியம் அப்படியேதான் இருந்திருக்கும். 1920களில் ஆங்கிலேயர்கள் எவரெஸ்டுக்கு வந்தபோது சுமை தூக்கியவர்களைக் 'கூலி' என்றே தங்கள் புத்தகங்களில் எழுதினார்கள். அந்த ஆங்கிலச் சொல் நம் தமிழிலிருந்து போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. 1922 ஜூன் 7ஆம் தேதி, பனிச்சரிவில் சிக்கி ஏழு பேர் மாண்டார்கள். எவரெஸ்டில் ஏறுகையில் மாண்டதாகப் பதிவான முதல் மனிதர்கள் அவர்கள். ஏழு பேரும் சுமை தூக்கிகள். இரண்டு வருஷம் கழித்து அதே மலையில் மறைந்த மல்லோரியின் பெயரை உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஏழு பெயர்களில் ஒன்றையாவது நீங்கள் கேட்டதுண்டா?

இனி டென்ஜெனிடம் வருகிறேன்.

2023 ஜூலை 27ஆம் தேதி அவர் கே-2 உச்சியில் நின்றார். உலகத்தில் பதினான்கு சிகரங்களையும் அத்தனை வேகமாக ஏறி முடித்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் அவர் ஒருவர். அதற்குப் பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது? மேடை மேடையாகப் பேசப் போனாரா? புத்தகம் எழுதினாரா? இல்லை. வேலைக்குப் போனார். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஷிஷாபங்மாவுக்கு அமெரிக்கப் பெண்கள் இருவர் வந்திருந்தார்கள். இருவரும் பதின்மூன்று சிகரங்களை முடித்தவர்கள். பதினான்காவதையும் முடித்த முதல் அமெரிக்கப் பெண் என்கிற பெயர் தமக்கே வரவேண்டும் என்று இருவருக்கும் போட்டி. அவர்களில் ஒருவருக்கு வழிகாட்டியாக டென்ஜென் போனார். மற்றவருக்கு மிங்மார் ஷெர்பா போனார். அக்டோபர் 7ஆம் தேதி அந்த மலையில் பனிச்சரிவுகள் இறங்கின. நான்கு பேரும் மாண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தம் சொந்தச் சாதனை முடிந்த எழுபத்திரண்டாவது நாள், இன்னொருவருடைய சாதனைக்காக அந்த மனிதர் உயிரை விட்டார். அவருக்கு வயது முப்பத்தைந்து.

அந்த அமெரிக்கப் பெண்களை நான் குற்றம் சொல்லவில்லை. செத்துப் போனவர்கள், ஆசைப்பட்டதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பெண்கள் ஷிஷாபங்மாவில் ஏறியது, ஏறி முடித்தால் பிறகு ஏறவேண்டியதில்லை என்பதற்காக. டென்ஜென் ஏற்கெனவே ஏறி முடித்தவர். ஆனாலும் அவர் ஏறவேண்டியிருந்தது. சாதனை சிலருக்கு முற்றுப்புள்ளி; அவருக்கு அது வெறும் காற்புள்ளி.

கே-2 உச்சியில் இருவரும் நின்ற அந்த ஜூலை 27ஆம் தேதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உச்சிக்குக் கீழே, ஏறக்குறைய 8,200 மீட்டர் உயரத்தில், 'புட்டிக் கழுத்து' என்று சொல்லப்படும் ஒடுக்கமான சரிவில், முகம்மது ஹசன் என்கிற பாகிஸ்தானியச் சுமை தூக்கி விழுந்துவிட்டார். வயது இருபத்தேழு. மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனார். வேறொரு குழுவில் வேலைக்கு வந்தவர். கயிறு கட்டும் கோஷ்டியோடு அனுப்பப்பட்டவர். அந்த உயரத்துக்கு உரிய உடையும் கருவிகளும் அவரிடம் இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அவர் அங்கேயே இறந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு மனிதர்கள் வரிசையாக மேலே போவதை, பறக்கும் காமிராவில் எடுத்த படம் உலகத்துக்குக் காட்டிற்று. தம் கோஷ்டியார் மணிக்கணக்காக முயன்றார்கள், தம் ஒளிப்பதிவாளர் ஹசனுக்குத் தம் பிராணவாயுவையே கொடுத்து உடனிருந்தார் என்று ஹரிலா சொன்னார். அந்த உயரத்தில் நின்றிராத நான் அங்கே நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கீழே, சமதரையில், உடையும் கருவியும் இல்லாமல் ஒரு மனிதனை மேலே அனுப்பிய காரியத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உயரம் தேவையில்லை.

"கூலி வாங்குகிறார்கள் அல்லவா?" என்பது பெரியவரின் வாதம்.

வாங்குகிறார்கள். அவர்கள் நாட்டு மற்றவர்களோடு ஒப்பிட்டால் நல்ல கூலி என்றும் சொல்லலாம். வெளிநாட்டார் வராவிட்டால் அந்தக் கூலியும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் கூலி வாங்கிவிட்டால் வீரம் வீரமாக இல்லாமற் போய்விடுமா? சிப்பாய் சம்பளம் வாங்குகிறான். அவனுக்கு நாம் பதக்கம் குத்துகிறோம். வைத்தியர் பணம் வாங்குகிறார். அவரைத் தெய்வம் என்கிறோம். இந்தக் கட்டுரைக்கு எனக்கும் கூலி உண்டு. ஆனால் கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போடமாட்டேன் என்று எந்தப் பத்திரிகை ஆசிரியராவது சொல்வாரா? கூலி கொடுத்துப் பெயரையும் வாங்கிக்கொள்கிற வியாபாரம் மலையில் மட்டும் எப்படி நியாயமாயிற்று?

அந்தக் கூலியின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 2014 ஏப்ரல் 18ஆம் தேதி, கும்பு பனி வீழ்ச்சியின் மேல் ஒரு பெரும் பனிப் பாறை சரிந்து பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரே காலை நேரத்தில் பதினாறு பேர். ஒரு மனிதருக்கு 40,000 நேபாள ரூபாய் என்று நேபாள அரசாங்கம் முதலில் உதவித் தொகை அறிவித்தது. எவரெஸ்டில் ஏற வரும் ஒரு வெளிநாட்டாரிடம் அனுமதிக் கட்டணமாக மட்டும் வாங்கியது அதைப் போல இருபது மடங்குக்கும் மேலே. ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். மூட்டைகளை இறக்கி வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அந்தப் பருவமே நின்று போயிற்று. எத்தனையோ லட்சிய வீரர்கள் அடிவாரத்திலிருந்தே வீடு திரும்பினார்கள். வைராக்கியம் எங்கே போயிற்று? கயிறு இல்லை, ஆகவே வைராக்கியமும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர்களுடைய ஆயுள் காப்பீட்டுத் தொகை பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது.

"அப்படியானால் அவர்களுக்கு லட்சியம் உண்டா?" என்று கேட்கிறீர்களா? உண்டு. ஆபா ஷெர்பா என்று ஒருவர். எவரெஸ்டில் இருபத்தொரு முறை ஏறியவர். அவர் சிறு பையனாக இருந்தபோது டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தகப்பனார் இறந்துவிட்டார். பன்னிரண்டாவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தார். நாம் கொண்டாடும் இருபத்தொரு எவரெஸ்டும் அவருக்குக் கிடைக்காமற் போன ஒரு வகுப்பறையின் விலை. பிற்காலத்தில் அவர் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி மலைக் கிராமத்துக் குழந்தைகளின் படிப்புக்காக உழைத்தார். மலையிலிருந்து பிள்ளைகளை இறக்குவதற்காக! இதற்குப் பெயர் வைராக்கியம் இல்லையென்றால், அந்தச் சொல்லை நம் அகராதியிலிருந்து எடுத்துவிடலாம். காமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதம் முப்பத்தோராவது முறையாக எவரெஸ்டின் உச்சியில் நின்றார். சாதனைக்காக ஏறவில்லை, என் வேலையைச் செய்கிறேன் என்பதே அவர் சொல்லி வந்தது. இதை அடக்கம் என்று நினைத்து நாம் மெச்சுகிறோம். எனக்கு என்னவோ அது வெறும் உண்மையாகத்தான் படுகிறது.

சாதனைகளை எண்ணுகிறவர்கள் நுணுக்கமான கணக்கர்கள். பதினான்கு சிகரங்களையும் முதலில் முடித்தவர் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர். 1970இல் தொடங்கி 1986இல் முடித்தார், செயற்கைப் பிராணவாயு இல்லாமல். 2023இல் கின்னஸ் புத்தகத்தார் அவர் பெயரை நீக்கினார்கள். 1985இல் அன்னபூர்ணாவில் உண்மையான உச்சிக்கு ஒரு ஐந்து மீட்டர் கீழேயே அவர் நின்றுவிட்டார் என்று ஒருவர் ஆராய்ந்து சொன்னாராம். அந்தப் பெருமையை அமெரிக்கரான எட் வீஸ்டர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். வீஸ்டர்ஸ் வாங்கிக்கொள்ளவில்லை. முதல்வர் மெஸ்னர்தான் என்று சொல்லிவிட்டார். அவர் மனிதர்! ஆனால் அந்தக் கணக்கர்களைப் பாருங்கள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்திய ஐந்து மீட்டரை அளக்க அவர்களிடம் கருவி இருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் கயிறு கட்டியவர் யார் என்று அளக்க ஒரு முழக்கோல்கூட இல்லை.

1953 மே 29ஆம் தேதி எவரெஸ்டின் உச்சியில் எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடரியை உயர்த்திக்கொண்டு நிற்பவர் டென்சிங். ஹிலாரியின் படம் கிடையாது. படத்தை எடுத்தவரே அவர்தான். மலையேற்றத்தின் சரித்திரத்தில் கயிற்றின் மறு முனையில் இருந்தவர் படத்துக்குள் வந்தது அந்த ஒரு தடவைதானோ என்று நான் நினைப்பதுண்டு. அப்போதும்கூட, இறங்கி வந்த பிறகு ஹிலாரிக்கு 'ஸர்' பட்டம். டென்சிங்குக்கு ஒரு பதக்கம்.

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் குற்றம் சொன்னால் அது யோக்கியம் ஆகாது. ஒரு கதைக்கு ஒரே ஒரு கதாநாயகன் என்று உங்களைப் பழக்கியவர்கள் நாவலாசிரியர்களாகிய நாங்கள்தான். கதாநாயகி புயலில் புறப்படுவாள்; வண்டி ஓட்டுகிறவனுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. அவன் நனைகிறானா என்றும் எழுதுவதில்லை. என்னுடைய பழைய நாவல் ஒன்றைப் புரட்டினேன். ஒரு பரிசல்காரன் வெள்ளத்தில் என் கதாநாயகனை அக்கரை சேர்க்கிறான். அதோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. அவன் அன்றிரவு எப்படித் திரும்பிப் போனான் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தப் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர்தான் அந்தப் பெரியவர் என்றால், அவர் மேல் நான் எப்படிக் கோபித்துக்கொள்வது?

வள்ளுவர் பல்லக்குத் தூக்குகிறவனையும் அதில் ஏறிச் செல்கிறவனையும் ஒரே குறளில் நிறுத்திக் காட்டினார். அதன் பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் நாட்டமில்லை. இரண்டு பேரையும் அவர் ஒரே இடத்தில் பார்த்தார். எனக்கு அது போதும். இமயத்தில் நடப்பதோ பல்லக்குக்கூட அல்ல. அங்கே இரண்டு பேரும் நடக்கிறார்கள். ஒருவர் தம் உடம்பைச் சுமக்கிறார். மற்றவர் தம் உடம்போடு அவருடைய சாமான்களையும் சுமக்கிறார்.

பெரியவரே! மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் பேசப் போவீர்கள். ஹரிலாவின் கதையைச் சொல்லுங்கள்; அவசியம் சொல்லுங்கள். பன்னிரண்டிலிருந்து திரும்பி வந்து ஒன்றிலிருந்து தொடங்கியதையும் சொல்லுங்கள். சொல்லும்போது, "டென்ஜென் ஷெர்பா என்று ஒருவர் கூட இருந்தார்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 'அவர்' என்றே சொல்லுங்கள். அதற்கு மூச்சு அதிகம் பிடிக்காது. நாம் சமதரையில்தானே நின்றுகொண்டிருக்கிறோம்?